ஏர்கோனில் காற்றே வரவில்லையா?

கொளுத்தும் வெயிலில் காரின் ஏர்கோனைத் திறந்தால் காற்றே வரவில்லையா? கேஸ் போடுவதற்காகப் பட்டறைக்கு ஓடாதீர்கள். கேஸ் குறைந்தால் காற்று வரும், குளிர்தான் இராது. காற்றே இல்லையென்றால் விசிறிப் பக்கம் பாருங்கள்.

முதலில் பியூஸ். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் உள்ளதையே போடுங்கள். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினால் கார் தீப்பிடிக்கலாம். உச்ச வேகத்தில் மட்டும் காற்று வந்தால் ரெசிஸ்டர் கெட்டிருக்கும். டாஷ்போர்டின் அடியில் மெல்லத் தட்டியதும் விசிறி சுழன்றால் மோட்டார் தேய்ந்திருக்கிறது. சிறிது தூரம் ஓடியபின் காற்று நின்றால், உள்ளே பனி உறைந்திருக்கலாம். குளிரை அணைத்து விசிறியை மட்டும் ஓடவிடுங்கள். செம்மண் சாலைப் புழுதி வடிகட்டியை அடைத்திருந்தாலும் காற்று குறையும்.

இவ்வளவும் பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். உழைத்துச் சேர்த்த வெள்ளி, வேண்டாத கேசுக்குப் போகாது.