களை எடுக்காத விவசாயி சோம்பேறியா?

ஆப்பிரிக்க விவசாயம் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும்: "ஒழுங்காகக் களை எடுத்தால் விளைச்சல் தானாக வரும்." எவ்வளவு சுலபம்! இதைச் சொல்பவர்கள் யாரும் வடக்கு நைஜீரியாவின் சவன்னா வெயிலில் குனிந்து மண்வெட்டி பிடித்தவர்கள் அல்லர்.

அங்கே முதல் எதிரி ஸ்ட்ரைகா. நம்மூர்ச் சோளக்காட்டில் சுடுமல்லி என்கிறோமே, அதன் உறவுதான். சோளம், மக்காச்சோளம், கம்பு ஆகியவற்றின் வேரில் ஒட்டிக்கொண்டு நீரையும் சத்தையும் உறிஞ்சும். மண்ணுக்கு மேலே தலைகாட்டும்போது பெரும்பாலான சேதம் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு பிடுங்கினால் அடுத்த தலைமுறை விதை குறையும். இந்த ஆண்டு விளைச்சல் திரும்பாது. ஒரே செடி தூசி போலப் பல ஆயிரம் விதைகளை உதிர்க்கும். அவை மண்ணுக்குள் பத்தாண்டுகளுக்கு மேலும் உயிரோடு காத்திருக்கும்.

எதற்காகக் காத்திருக்கும்? பயிரின் வேர் கசியவிடும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேதிப்பொருளுக்காக. மண்ணில் மணிச்சத்து குறைந்தால், வேர் தனக்கு உதவும் பூஞ்சையை அழைக்க இதை அதிகமாகச் சுரக்கிறது. பூஞ்சைக்கான அழைப்பு என்பது 2005ல்தான் தெரியவந்தது. அந்த அழைப்பை ஒட்டுக்கேட்டு ஸ்ட்ரைகா முளைக்கிறது. அதாவது பசித்த மண்தான் களையைக் கூப்பிடுகிறது!

மண் ஏன் பசித்தது? முன்பெல்லாம் சில ஆண்டு பயிரிட்டு, பல ஆண்டு தரிசாக விடுவார்கள். நிலம் தேறும். மக்கள்தொகை பெருகி நிலம் சுருங்கியதும் தரிசுக் காலம் குறைந்தது. ஆண்டுதோறும் அதே தானியம். களைக்கு ஆண்டுதோறும் விருந்து.

"அப்படியானால் உரம் போட வேண்டியதுதானே?" போடலாம், காசு இருந்தால். 2006ல் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், ஹெக்டேருக்கு 8 கிலோவாக இருந்த உரப் பயன்பாட்டை 2015க்குள் 50 கிலோ ஆக்குவோம் என்று அறிவித்தார்கள். கெடு முடிந்தது, இலக்கு எட்டவில்லை. தவிர, மட்கு இல்லாத மண்ணில் உரம் மட்டும் போட்டால் பாதி வீண். சத்தை மற்ற களைகளும் சேர்ந்து தின்னும்.

வழி இல்லாமல் இல்லை. சோயா, தட்டைப்பயறு போன்றவற்றின் சில ரகங்கள் ஸ்ட்ரைகா விதையை முளைக்க வைத்து, ஒட்ட இடம் தராமல் சாகடிக்கும். மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். தாங்கும் சோள ரகங்களை உருவாக்கிய எத்தியோப்பிய விஞ்ஞானி கெபிசா எஜேட்டா 2009ல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

ஆனால் ஒரு போகம் சோயா என்றால் அந்தப் போகம் வீட்டில் மக்காச்சோளம் இல்லை என்று பொருள். விளைந்த சோயாவை நியாய விலைக்கு வாங்க ஆள் வேண்டும். தாங்கும் ரக விதையும் கொஞ்சம் உரமும் கைக்கெட்டும் விலையில் வேண்டும். இவற்றைச் செய்துதராத அரசுகள் "களை எடு" என்று உபதேசம் செய்வது, பட்டினி கிடப்பவனிடம் நன்றாக மென்று சாப்பிடு என்பதைப் போன்றது.

முதலில் மண்ணுக்குச் சோறு போடுங்கள். களையைப் பற்றி அப்புறம் விவசாயியிடம் கணக்குக் கேட்கலாம்.