அன்றைக்கு நான் சொன்ன தப்பான பதில்



பல வருடங்களுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், புழு கடிச்சா செடிக்குத் தெரியுமா?" நான், "செடிக்கு மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. அதுக்கு என்ன தெரியும்? உக்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அதன் பிறகு அவள் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அவளுடைய கேள்விக்குப் பதில் இருக்கிறது. 2018-இல் மசாட்சுகு டொயோட்டா, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைமன் கில்ராய் ஆகியோரின் குழு அதைப் படமெடுத்தே காட்டியது. அரபிடாப்சிஸ் என்பது கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடி. கால்சியம் கூடும் இடம் பச்சையாக ஒளிரும்படி அதை மாற்றியிருந்தார்கள். புழு ஓர் இலையைக் கடித்ததும் அந்த இடம் ஒளிர்ந்தது. அந்த ஒளி நொடிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் நகர்ந்து, ஓரிரு நிமிடத்தில் தூரத்து இலைகளையும் எட்டியது.

செடியின் செல்லுக்குள் கால்சியம் மிகக் குறைவு. வெளியே பல ஆயிரம் மடங்கு அதிகம். காயத்தில் கசியும் குளுட்டமேட் வாசலைத் திறக்க, கால்சியம் உள்ளே பாய்கிறது. அதுதான் செய்தி. செய்தி கிடைத்த இலை, கடி படாமலேயே ஜாஸ்மோனிக் அமிலத்தைச் சுரந்து தற்காப்புக்குத் தயாராகிறது. பாக்டீரியா, பூஞ்சை தாக்கினாலும் முதலில் எழும் அறிகுறிகளில் ஒன்று இதே கால்சியப் பாய்ச்சல்தான்.

உடனே, "செடிக்கும் வலிக்கிறது, கீரை பறிப்பதும் பாவம்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். செய்தி போவது வேறு, வலி என்பது வேறு. வாசலில் காலிங் பெல் அடிக்கிறது. பெல்லுக்கு வலிக்கிறதா என்ன? செடியை ஜடம் என்று ஒதுக்குவதும் தப்பு, மனிதனைப் போல அழுகிறது என்பதும் தப்பு. நரம்பு இல்லாமலே சேதி சொல்லத் தெரிந்த உயிர் என்று சொல்லிக்கொடுப்பதே சரி என்பது என் கருத்து.

இந்த ஆராய்ச்சி அன்றைக்கு வரவில்லை என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. "எனக்குத் தெரியலை, தேடிப் பார்க்கலாம்" என்று சொல்ல ஆராய்ச்சி எதற்கு? உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பெற்றோர்கள். பதில் தெரியாத இடத்தில் பிள்ளையை உட்கார வைத்துவிடாதீர்கள்.

அந்தப் பிள்ளை இதைப் படித்தால்: புழு கடிச்சா செடிக்குத் தெரியும், கண்ணு. சிரிக்க விட்டது என் தப்பு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்