கார் எங்கே போட்டிருக்க?

கடந்த மாதம் பல்கலைக்கழகத் தோழி ஒருத்தியின் நிச்சயதார்த்த விருந்துக்குப் போயிருந்தேன். டாமன்சாரா ஹைட்ஸில் பெரிய வீடு. நான் உடுத்தியிருந்த பட்டு அக்காவுடையது. இரவு பதினொன்றரைக்குக் கிளம்பும்போது தோழியின் அம்மா வாசல்வரை வந்தார். "கார் எங்கேம்மா போட்டிருக்க?" என்று கேட்டார்.

"அந்த முனையில, ஆண்ட்டி."

எனக்குக் கார் கிடையாது. வானொலியில் குரல் கேட்பவர்களுக்கு அது தெரியாது. முனை திரும்பும்வரை நடந்து, அங்கே நின்று ஷா ஆலமுக்குக் கிராப் அழைத்தேன்.

அந்த வார இறுதியில் பார்த்த படம் 'மெட்ரோபாலிட்டன்'. 1990இல் விட் ஸ்டில்மன் எழுதி இயக்கிய முதல் படம். தன் அடுக்குமாடி வீட்டை விற்ற பணத்தைப் போட்டு, 2 லட்சம் டாலருக்குச் சற்று அதிகமான செலவில் எடுத்தார். சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கார் பரிந்துரை வரை போனது. விருதைத் தட்டிச் சென்றது 'கோஸ்ட்'.

கதை எளிது. நியூயார்க்கில் கிறிஸ்துமஸ் விடுமுறை. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சிலர் நடன விருந்து முடிந்து, விடிய விடியப் பேசிக்கொண்டிருப்பார்கள். டாக்சி குழப்பம் ஒன்றில் டாம் என்பவன் அவர்களோடு வந்து சேர்கிறான். பெற்றோர் பிரிந்தவர்கள், அம்மாவோடு வசிக்கிறான். நடுங்கும் குளிரில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, உள்ளே கதகதப்பாகத்தான் இருக்கிறது என்று சாதிப்பான். இத்தகைய விருந்துகள் கொள்கைரீதியில் தவறு என்பான். ஆனால், ஒரு விருந்தையும் விடமாட்டான்!

நாவல் படிப்பதில்லை, விமர்சனம் படித்தாலே போதும் என்று சொல்லிவிட்டு, படிக்காத ஜேன் ஆஸ்டினைப் பற்றி வாதாடுவான். எதிரே இருக்கும் ஆட்ரி அந்த நாவலை உண்மையிலேயே நேசிப்பவள். நாம் சிரிக்கிறோம். பிறகு ஒரு காட்சி. அப்பா வீட்டு வாசலில், குப்பைக்கு வைத்த பொருள்களுக்கு நடுவே டாமின் சிறுவயது பொம்மைகள் கிடக்கும். அங்கே சிரிப்பு நின்றுவிடுகிறது.

பணக்காரர்களைத் திட்ட நிறையப் படங்கள் உண்டு. 2018இல் வந்த 'கிரேஸி ரிச் ஏசியன்ஸ்' படத்துக்கு நம் கார்கோசா ஸ்ரீ நெகாராவே மாளிகையானது. அதில் நம்மைப் போன்ற முகம் தெரிந்தது வாசல் காவலில்தான். நம் ஏழ்மையையோ 2015இல் 'ஜகாட்' நேர்மையாகச் சொன்னது. மறு ஆண்டே சிறந்த மலேசியப் படமாகவும் தேர்வானது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் காலியாக இருக்கிறது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களில் ஒன்று டாமன்சாராவுக்கும் இன்னொன்று கிள்ளான் தாமானுக்கும் போய், பிறகு ஒரே கல்யாணத்தில் ஒரே மேசையில் உட்காரும்போது என்ன பேசிக்கொள்கிறார்கள்? எதை மறைக்கிறார்கள்? அதை யாராவது சிரிக்கச் சிரிக்க எடுக்க வேண்டும்.

ஸ்டில்மன் அந்தப் பிள்ளைகளை வில்லன்களாக்கவில்லை. தங்கள் காலம் முடியப்போகிறது என்ற பயம் அவர்களுக்கும் இருக்கிறது. வெளியாள் என்று தன்னை நினைத்துக்கொள்ளும் டாமுக்கோ, தன் கூச்சத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் ஆட்ரியைக் காயப்படுத்துகிறான்.

படம் முடிந்ததும் தோழியை அழைத்து, கார் விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அம்மாவுக்குத் தெரியும். நீ முனைக்குப் போய் நின்னதை மாடி ஜன்னல்ல இருந்து பார்த்துக்கிட்டேதான் இருந்தாங்க. கூப்பிட்டா நீ சங்கடப்படுவியோன்னு, உன் கிராப் வர்ற வரைக்கும் அங்கேயே நின்னாங்க."

கல்யாணம் டிசம்பரில். அதற்கும் அக்காவின் பட்டுதான். திரும்பும்போது ஆண்ட்டியிடமே ஒரு லிப்ட் கேட்கப்போகிறேன்.