‘வழுக்கி விழுந்துட்டேன்’ என்ற பொய்யைக் கேட்டது போதும்

விடியற்காலை ஆறு மணிக்குக் கோரிப்பாளையம் சந்திப்பில் நின்று பாருங்கள். ஊமச்சிகுளம் பக்கமிருந்தும் அலங்காநல்லூர் பக்கமிருந்தும் வரும் பேருந்துகளிலிருந்து தூக்குச்சட்டியோடு பெண்கள் இறங்குவார்கள். மருத்துவமனை, விடுதி, கடை, வீடு என்று கூட்டிப் பெருக்கித் துடைக்கப் போகிறவர்கள். பெரும்பாலும் நம் சேரிப் பெண்கள். ஒருத்தியின் முழங்கையில் கட்டு, இன்னொருத்தியின் கண்ணோரம் கன்றிப்போயிருக்கும். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்.”

அப்படிச் சொல்லிவந்த ஓர் அக்கா ஒரு தனியார் விடுதியில் துப்புரவு வேலை பார்த்தார். சம்பள நாளன்று கணவர் குடித்துவிட்டு விடுதி வாசலுக்கே வந்து கூச்சல் போட்டார். “உன் குடும்பச் சண்டையை இங்க கொண்டு வராதே, நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம்” என்று நிர்வாகி சொல்லிவிட்டார். அடித்தவருக்கு எதுவும் ஆகவில்லை. அடிபட்டவருக்கு வேலை போயிற்று.

இது அந்த ஓர் அக்காவின் கதை மட்டுமல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். எல்லாச் சாதி வீடுகளிலும் இது நடக்கிறது. ஆனால் நம் பெண் காவல் நிலையம் போனால் “உங்க தெருவுல இது வழக்கம்தானே” என்ற ஏளனமும் சேர்ந்து கிடைக்கிறது. அந்த அவமானத்துக்குப் பயந்தே பாதிப்பேர் வாய் திறப்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அடிப்பது மட்டுமல்ல, கேவலமாகத் திட்டுவதும், அவளுக்கு உரிய பணத்தைப் பறித்துக்கொள்வதும் அதன்படி வன்முறைதான். வீட்டுப் பட்டா கணவர் பெயரில் இருந்தாலும் அவளை வெளியேற்ற முடியாது. நடுவர் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தால் பாதுகாப்பு உத்தரவு, செலவுக்குப் பணம், பிள்ளைகளின் பொறுப்பு எல்லாவற்றையும் கேட்கலாம். உத்தரவை மீறுகிறவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

பலருக்கும் தெரியாத இரண்டு செய்திகள் இதே சட்டத்தில் இருக்கின்றன. ஒன்று, அவள் வேலை செய்யும் இடத்துக்குள் கணவர் நுழையக் கூடாது என்று நடுவர் உத்தரவிடலாம் (பிரிவு 18). இரண்டு, வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குப் போட முடியாது (பிரிவு 4). அந்த ‘யாரும்’ என்பதில் விடுதி நிர்வாகியும் வருவார், மேஸ்திரியும் வருவார், பக்கத்தில் நின்று வேலை செய்யும் தோழியும் வருவார். “குடும்பச் சண்டை, நமக்கென்ன” என்று ஒதுங்க இனிமேல் எவருக்கும் சாக்கு இல்லை.

முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்பது சட்டத்தின் நோக்கம். நடப்பில் வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. மூன்றாவது விடுப்பில் வேலையே போகிறது. கூலி போனால் திரும்ப அதே வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். இந்த இடத்தில்தான் வேலையிடத்தின் கடமை தொடங்குகிறது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி, விசாரணைக் காலத்தில் மூன்று மாதம் வரை விடுப்பு கேட்கலாம். வீட்டில் அடிபட்டவளுக்கு அப்படியொரு விடுப்பு இந்தச் சட்டங்களில் இல்லை. பிலிப்பைன்ஸ் 2004இலேயே இதற்குப் பத்து நாள் ஊதிய விடுப்பைச் சட்டமாக்கியது.

முதலாளிகள் ஒப்புக்கொள்வார்களா என்று கேட்கலாம். பக்கத்துத் திண்டுக்கல்லைப் பாருங்கள். அங்கே ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும், துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் கையெழுத்திட்டன. அந்தத் திண்டுக்கல் ஒப்பந்தம் பாலின வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் சேர்த்துத் தடுக்க வகைசெய்தது. அது ஆலைக்குள் நடப்பதற்கான ஒப்பந்தம்தான். ஆனால் சங்கமாகச் சேர்ந்து கேட்டால் எழுதி வாங்க முடியும் என்று காட்டியது.

நாம் கேட்பதும் பெரிய காரியமல்ல. நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் போக ஆண்டுக்குப் பத்து நாள் ஊதிய விடுப்பு. ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அது வேண்டும். சம்பளம் அவள் பெயரிலுள்ள கணக்கில் மட்டும். வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்ள வழி. நீதிமன்ற உத்தரவின் நகல் வாசல் காவலாளியிடம். அவள் முகவரியையும் வேலை நேரத்தையும் கணவரிடம் சொல்லாத ஒழுக்கம். அரசு தன் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களிடமிருந்தே இதைத் தொடங்கட்டும்.

நமக்குள்ளும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. ஊர்க்காரன் நம் பெண்ணைத் தொட்டால் சாலை மறியல் செய்கிறோம். நம் இயக்கத் தோழன் வீட்டில் கை நீட்டினால் “உள்வீட்டு விஷயம்” என்று சமாதானம் பேசுகிறோம். இந்து சட்ட மசோதாவில் பெண்களுக்கான உரிமைகள் முடக்கப்பட்டபோது, 1951இல் அமைச்சர் பதவியையே துறந்தவர் அம்பேத்கர். அவர் படத்தை மாட்டிய வீட்டுக்குள் அடி விழுந்தால், அந்தப் படத்துக்கு மாலை போட நமக்கு என்ன தகுதி?

மாணவர்களே, இந்த எண்களை உங்கள் தெருவில் எழுதி வையுங்கள்: பெண்கள் உதவி எண் 181, இலவச சட்ட உதவிக்கு 15100. பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க மாவட்ட சமூக நல அலுவலகம் போகலாம். பெண்களுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் வழக்கறிஞரை இலவசமாகத் தருகிறது சட்டம். நாளை காலை உங்களோடு வேலை செய்கிறவர் “வழுக்கி விழுந்துட்டேன்” என்றால், தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். “யார் தள்ளியது?” என்று மெதுவாகக் கேளுங்கள்.