ஓவியத்தின் ஆண்டு அச்சின் ஆண்டாகாது

முத்துப்பேட்டை வட்டாரத்துப் பழைய வீட்டுக் கூடங்களில் ஓவியர் ரவிவர்மாவின் லட்சுமி படம் மாட்டியிருந்தால், வீட்டார் சொல்வது இதுதான்: "அவர் கையெழுத்தே இருக்கு, அவர் கையால போட்ட படம்." பழம்பொருள் வியாபாரிகளும் அதையே சொல்லி விலை பேசுகிறார்கள். அது தவறு.

சுவரில் இருப்பது கல்லச்சில் எடுத்த படி; கையெழுத்தும் அதனருகே உள்ள ஆண்டும் மூல ஓவியத்துக்கு உரியவை. படியெடுத்தபோது அவையும் சேர்ந்து அச்சுக் கல்லில் ஏறிவிட்டன.

கல்லில் உருவத்தை வரைந்தவர்கள் அச்சகத்துக் கைவினைஞர்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிக் கல். எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து கல்லை நனைத்தால், வரைந்த இடம் மட்டும் அச்சு மையைப் பிடிக்கும். லட்சுமியின் கன்னத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கித்தானில் தூரிகை இழைத்துக் கொடுத்த நிழல், இங்கே ஒழுங்கற்ற சிறு புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். யாரோ ஒருவர் பொறுமையாக வைத்த புள்ளிகள் அவை. அவர் பெயர் படத்தில் இல்லை. அதே புள்ளிகள் வரிசை பிசகாமல் கட்டம் கட்டி நின்றால், அது புகைப்பட முறையில் எடுத்த பிற்கால அச்சு.

சரி, ரவிவர்மா காலத்து அச்சாகவாவது இருக்குமா? அதற்கும் உத்தரவாதமில்லை. 1894இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகம் பிறகு லோனாவ்லா அருகே மளவலிக்கு மாறியது; கடைசியில் ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் கைக்குப் போனது. ரவிவர்மா 1906இல் காலமானார். அச்சு நிற்கவில்லை. அடி ஓரத்தில் புது இடத்தைக் குறிக்கும் கார்லா, லோனாவ்லா என்ற முகவரி இருந்தால், ஓவியத்தில் எந்த ஆண்டு இருந்தாலும் அது இடம் மாறியதற்குப் பிந்தைய அச்சு.

படத்தின் பழமைக்குப் பர்மா தேக்குச் சட்டமும் சாட்சியாகாது. பழைய சட்டத்தில் புதுப் படம் எளிதாக ஏறும்.

"காலண்டர் படம்தானே, இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று ஒதுக்குவோரும் உண்டு. இந்த அலட்சியம்தான் அதிகம் வலிக்கிறது. ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ணப் படிகள் எடுக்கலாம் என்று ரவிவர்மாவுக்கு யோசனை சொன்னவர் கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவராவ். ஆக, நம் காவிரி டெல்டாவுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1972இல் மளவலி அச்சகம் தீப்பிடித்து ஏராளமான அச்சுப் படிகள் அழிந்தன. ஆகவே வீட்டுச் சுவர்களில் தப்பிப் பிழைத்த படிகளே ஆய்வாளருக்கு முக்கிய ஆதாரம். கண்ணாடி மாற்றக் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள், சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று அடி ஓரத்தை வெட்டவிட வேண்டாம். படத்தில் லட்சுமியின் சேலைமேல் ஒட்டிய ஜரிகை இருந்தால் அதையும் பிய்க்கவிட வேண்டாம்.