அழைப்பவரின் பொறுப்பும் சாரதியின் சித்தமும்

வாகனம் செலுத்துகையில் கைத்தொலைபேசியில் பேசுவது தகுமா என்று வெள்ளவத்தைச் சந்தையடியிலோ கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலோ யாரை நிறுத்திக் கேட்டாலும் தகாது என்றே பதில் வரும். அந்தப் பதிலைச் சொல்பவர் மனமார நம்பியே சொல்கிறார் என்பதிலும் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும் அதே மனிதர், மறுநாட் காலை பிள்ளையைப் பாடசாலையில் விட்டுவிட்டுக் காலி வீதியில் ஏறும்போது, பக்கத்து ஆசனத்தில் கிடக்கும் கருவி ஒலித்த மாத்திரத்தில், ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து அதனைக் காதோடு அணைத்துக்கொள்கிறார். இவ்விரண்டுக்கும் இடையே முரண்பாடு ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றுவதில்லை. பிறர் பேசுவது அசிரத்தை என்றும், தாம் பேசுவது தவிர்க்கவொண்ணாத அவசியம் என்றும் அவர் உள்ளம் முன்னரே பிரித்து வைத்திருக்கிறது. இந்த விஷயத்தில் பொதுஜன அபிப்பிராயம் என்று ஒன்று உண்டென்றால், அது ஒவ்வொருவரும் மற்றவரைப் பற்றிக் கொண்டிருக்கும் அபிப்பிராயமே.

சாரதிப் பயிற்சியைத் தொழிலாகக் கொண்ட நாம் இதனைப் பொலிஸாரின் விஷயம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. ஒருவர் வாழ்நாள் முழுவதும் வாகனத்தில் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கான அஸ்திவாரம், எல் பலகை கட்டிய நமது காரில், நம் பக்கத்திலேயே இடப்படுகிறது. கிளச்சை எப்பொழுது விடவேண்டும், ‘எஸ்’ வளைவில் எப்படிப் பின்னோக்கிச் செல்லவேண்டும் என்பவற்றை சாரதிப் பரீட்சையாகிய ட்ரயல் நாள்வரை சலியாது கற்பிக்கும் நாம், மணி ஒலிக்கும்போது உள்ளத்தை என்ன செய்யவேண்டும் என்பதைக் கற்பிப்பதில்லை. அது ட்ரயலில் கேட்கப்படுவதில்லை என்பது காரணமாகலாம், காரணம் போதுமானதன்று.

மாலை ஐந்து மணிக்குப் பின் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை காலி வீதியோடு சேரும் சந்தியில் சிறிது நேரம் நின்று பார்ப்பவருக்கு நமது நிலைமை விளங்கும். தலைக்கவசத்துக்கும் கன்னத்துக்கும் இடையே கைத்தொலைபேசியைச் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகும் இளைஞர், முழங்காலின்மேல் அதனை வைத்து எழுத்துகளைத் தட்டிக்கொண்டே பிரேக்கை விடும் கார்க்காரர், ஒரு தோளை உயர்த்திக் காதோடு அழுத்தியவாறு பயணிகள் நிறைந்த பஸ்வண்டியைத் தரிப்பிடத்திலிருந்து வெளியே எடுக்கும் சாரதி ஆகிய எல்லோரும் அந்தச் சிறு பொழுதுக்குள்ளேயே கடந்து போவார்கள். கடலோரமாகச் செல்லும் மரைன் ட்ரைவில் நெரிசல் குறைவாதலால் வேகம் கூடுகிறது. வேகத்தோடு பேச்சும் கூடுகிறது. கொட்டாஞ்சேனைப் பக்கத்திலோ, துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகளும், கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் நடந்து செல்லும் முதியோரும், பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே ஒடுங்கிய வீதியைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அங்கே ஒரு கணக் கவனயீனத்துக்கு இடமே இல்லை. இந்நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்டோர் உயிரிழக்கிறார்கள் என்பதும், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நடந்து செல்பவரும் மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் செல்பவருமே என்பதும் நம் தொழிலில் உள்ளவர் எவரும் அறிந்த செய்தி.

பேசுகிறவரைக் கேட்டால் மூன்று சமாதானங்கள் வரும். “ஒரு நிமிஷம்தானே” என்பது ஒன்று. “ஆறுதலாத்தானே ஓடுறன்” என்பது இன்னொன்று. மூன்றாவது படித்தவர்களிடமிருந்து வருவது. ஆதலால் மிகவும் அபாயகரமானது: “கையில பிடிக்கேல்லையே, ஹான்ட்ஸ் ஃப்ரீயிலதானே கதைக்கிறன்” என்பது. சட்டம் கையைப் பற்றியே பேசுவதால், கை விடுதலை பெற்றால் குற்றமும் விலகிவிடும் என்ற எண்ணம் ஜனங்களிடையே வேரூன்றிவிட்டது. வருத்தத்தோடு சொல்கிறோம், நம் தொழிலைச் சேர்ந்தவரிடையேயும் அது வேரூன்றியிருக்கிறது.

இதற்கு மாறாக நிற்கும் ஆராய்ச்சி இன்று நேற்று வந்ததன்று. கனடாவின் ரொறன்ரோ நகரில் ரெடெல்மையர், டிப்ஷிரானி என்னும் இருவர், மோதலுக்குள்ளான 699 சாரதிகளின் தொலைபேசிக் கணக்குகளை ஆராய்ந்து 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், பேச்சு நிகழும் வேளையில் மோதல் நேரும் அபாயம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது என்றும், கையில் பிடியாமற் பேசும் கருவிகளால் பாதுகாப்பு மிகுந்ததாகக் காணப்படவில்லை என்றும் காட்டினார்கள். எட்டு ஆண்டுகளின் பின், மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில், விபத்துக்குள்ளாகி வைத்தியசாலைக்கு வந்த 456 சாரதிகளிடம் நடத்திய ஆராய்ச்சியும் அந்த நான்கு மடங்கையே கண்டது. அங்கும் கருவியைக் கையில் பிடித்தவருக்கும் பிடியாதவருக்கும் பெரிய பேதம் இருக்கவில்லை. ஏன் அப்படி என்பதற்கு யூட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரேயரும் அவர் சகபாடிகளும் 2001 முதல் செய்துவந்த பரிசோதனைகள் விடை தருகின்றன. வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தவர் சமிக்ஞையை வழக்கத்தைவிட அதிகமாகத் தவறவிடவில்லை; தொலைபேசியிற் சம்பாஷித்தவர் இருமடங்காகத் தவறவிட்டார். கண் ஒரு பொருளின்மேல் நேராக நிலைத்திருந்தபோதும், பேச்சில் ஆழ்ந்த சித்தம் அதனைக் கிரகிக்கவில்லை. பின்னர் கேட்டபோது அப்பொருளைக் கண்ட நினைவு அவர்களுக்குப் பெரிதும் குறைந்திருந்தது.

பக்கத்தில் இருப்பவரோடு பேசலாமென்றால் தொலைவில் இருப்பவரோடு பேசினால் என்ன என்று மாணவர் சிலர் நம்மைக் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். பக்கத்தில் இருப்பவர் வீதியைத் தாமும் பார்க்கிறார். பஸ்வண்டி குறுக்கே வந்தால் வாக்கியத்தை இடையில் நிறுத்துகிறார், சில வேளை “பார்த்து, பார்த்து” என்று எச்சரிக்கிறார். தொலைவில் இருப்பவருக்கு மஞ்சள் கடவையில் கால்வைக்கும் மூதாட்டி தெரிவதில்லை. அவர் பேசிக்கொண்டே போகிறார், விடையையும் எதிர்பார்க்கிறார். நகரத்தில் அனுமதிக்கப்பட்ட மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடுகிறது. அழைப்பது யாரென்று பெயரைப் பார்க்கச் செலவாகும் இரண்டு விநாடியில் 28 மீற்றர் வீதி பார்ப்பாரின்றிக் கழிகிறது. கடவையும் அதற்கப்பாலுள்ள தரிப்பிடமும் அதற்குள் அடங்கிவிடும்.

சட்டத்தைப் பற்றி நீள எழுதவேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டுக்குரியது. கைத்தொலைபேசி 1989இல் செல்டெல் நிறுவனத்தின் வாயிலாக இந்நாட்டுக்கு வந்தது. சட்டத்தில் தடை அதற்குப் பின்னரே சேர்ந்தது. இன்று இலங்கையில் உள்ள கைத்தொலைபேசி இணைப்புகளின் தொகை சனத்தொகையையும் விஞ்சி நிற்கிறது. ஒவ்வொரு சந்தியிலும் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரை நிறுத்தினாலும், அவரைக் கண்டதும் தாழ்த்தி, கடந்ததும் உயர்த்தும் கையைச் சட்டம் எட்டிப்பிடிக்க முடியாது. ஆனால் சட்டம் பயனற்றது என்று முடிவுசெய்வதும் பிழை. பிரித்தானியா 2003 டிசம்பரில் தடையை விதித்து, 2017இல் தண்டனையைக் கூட்டி, 2022இல் கையிற் பிடித்துச் செய்யும் ஏறக்குறைய எல்லாப் பிரயோகத்தையும் தடைக்குள் கொண்டுவந்தது. லண்டனில் வாழும் நம்மவர், அங்கே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கருவியைத் தொட அஞ்சுபவர், விடுமுறைக்கு வந்து வாடகைக் காரை எடுத்து வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஓட்டும்போது வேறொரு மனிதராகிவிடுவதைக் காண்கிறோம். ஆள் மாறவில்லை, சுற்றியிருப்பவர் எதைச் சகித்துக்கொள்கிறார்கள் என்பது மாறியிருக்கிறது. மனோபாவம் தனிமனிதரின் உள்ளத்தில் மாத்திரம் குடியிருப்பதன்று. அது ஒரு வீதிக்கும் ஊருக்கும் பொதுவான சொத்தாக இருக்கிறது.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்கவேண்டும். இத்தனை ஆண்டுகளாக நடந்த பிரசாரமெல்லாம் அழைப்பை எடுப்பவரை நோக்கியே பேசியிருக்கிறது. அழைப்பவரை நோக்கி எவரும் பேசவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் சாரதியின் கையில் கருவியை வைப்பவர், பெரும்பாலும், அவரை மிகவும் நேசிக்கும் ஒருவர்: தாய், மனைவி, மூத்த சகோதரி, வேலைத்தலத்து முதலாளி. “தம்பி, எங்க நிக்கிறாய்?” என்று தொடங்கும் அந்த அழைப்பு எடுக்கப்படாவிட்டால் மீண்டும் வரும்; மூன்றாம் முறை வரும்; பின்னர் நண்பர்களுக்குப் போகும். எடுக்காமல் விடுவது அவமரியாதை என்று ஒருபுறமும், ஏதோ நேர்ந்துவிட்டது என்று மறுபுறமும் பொருள்கொள்ளப்படுகிறது.

கொழும்புத் தமிழரிடையே இந்தப் பதற்றத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதனை அறியாமல் நம் மாணவரைக் கண்டிப்பது கொடுமை. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்தபோதும், அதே ஆண்டு ஜூலை 24இல் தெஹிவளையில் ரயில் தாக்கப்பட்டபோதும், வெளியே போனவர் திரும்புவாரா என்று வீடுகள் தொலைபேசியின் பக்கத்திலேயே காத்திருந்தன. சோதனைச் சாவடியில் தடுத்து வைக்கப்பட்டவரைப் பற்றிய முதற் செய்தி ஒரு அழைப்பாகவே வந்தது, அல்லது வராமற்போன அழைப்பாலேயே உணரப்பட்டது. 2007 ஜூன் 7இல் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பப்பட்டதையும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்ததையும் மறந்தவர் இப்பகுதிகளில் அரிது. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்த காலையிலும், கொட்டாஞ்சேனை முழுவதும் ஒருவரையொருவர் அழைத்தபடியே இருந்தது. மணி ஒலித்ததும் எடுத்துவிடும் அந்த அவசரத்தை இந்தத் தலைமுறை அப்பழக்கத்திலிருந்தே பெற்றது என்பது எமது துணிபு. அச்சம் நியாயமானதே. அந்த அச்சம் தணிந்திருக்கும் காலத்திலும், அதன் கட்டளைக்கு ஓடும் வாகனத்தில் இருந்துகொண்டு கீழ்ப்படிவதுதான் நாம் மாற்றவேண்டியது.

ஆகவே பயிற்சியாளர்களிடம் நாம் கேட்பது சில காரியங்கள். முதலாவது நம்முடைய நடத்தை. மாணவர் காரைச் செலுத்திக்கொண்டிருக்கையில் அடுத்த வகுப்பின் நேரத்தைத் தொலைபேசியில் ஒழுங்குசெய்யும் பயிற்சியாளர், தம் காலடியில் இரண்டாவது பிரேக் இருக்கிறது என்ற தைரியத்தில், மாணவருக்குக் காட்டும் பாடம் எத்தனை விரிவுரையாலும் அழிக்கமுடியாதது. வகுப்பு நேரத்தில் நமது கருவி ஒலியடங்கி, கைக்கெட்டாத இடத்தில் இருக்கவேண்டும். வகுப்புகளுக்கிடையே பத்து நிமிஷம் ஒதுக்கினால் வேண்டிய அழைப்புகளையெல்லாம் எடுக்கலாம்.

அடுத்தது, ஒலிக்கும் மணியை ஒலிக்கவிடுவதும் ஒரு திறமை, அதனையும் பழக்கவேண்டும் என்பது. வீட்டார் ஒருவரிடம் முன்னரே சொல்லிவைத்து, வகுப்பின் நடுவே மாணவரின் கைத்தொலைபேசிக்கு அழைக்கச் செய்யலாம்: முதலில் வாகனம் நின்றுகொண்டிருக்கையில், பின்னர் நெரிசலற்ற ஒழுங்கையில் மெதுவாக ஓடுகையில், நமது கால் பிரேக்கின்மேல் ஆயத்தமாக இருக்க. மணி ஒலித்ததும் மாணவரின் கண் எங்கே போகிறது, வேகம் என்ன ஆகிறது, கை எதனைத் தேடுகிறது என்று கவனித்து அவருக்கே எடுத்துச் சொல்லவேண்டும். தம் கண் வீதியை விட்டு அகன்றதை அக்கணத்திலேயே அறிந்த மாணவருக்கு நாம் சொல்லும் புள்ளிவிவரம் வேண்டியதில்லை. காலி வீதியில் நினைத்த இடத்தில் ஓரங்கட்டி நிறுத்த முடியாது என்பதையும் இப்பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்கவேண்டும். நிறுத்தத்தக்க இடம் வரும்வரை அழைப்பு காத்திருக்கும்.

மூன்றாவது, வீட்டாரோடு பேசுவது. பிள்ளையைச் சேர்க்க வரும் தாயோ தகப்பனோ கட்டணத்தையும் ட்ரயல் திகதியையும் கேட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள்; அந்த வேளையை நாம் விட்டுவிடக்கூடாது. “அம்மா, பிள்ளை ஓடேக்க எடுக்காட்டிப் பயப்படாதேங்கோ, நிப்பாட்டினதும் அவரே எடுப்பார்” என்று முதல் நாளே சொல்லிவைக்கலாம். யாரை அழைத்தாலும் “ஓடிக்கொண்டிருக்கிறீங்களோ?” என்று முதலிற் கேட்டு, ஆமென்றால் உடனே வைத்துவிடுவதை ஒரு வீட்டு வழக்கமாக்கும்படி கேட்கலாம். புறப்படும்போது ஒரு செய்தி, சேர்ந்ததும் ஒரு செய்தி என்று பிள்ளையும் பெற்றோரும் உடன்படிக்கை செய்துகொண்டால், இடையில் வரும் அழைப்புக்குத் தேவையே பெரிதும் குறைந்துவிடும்.

வாடகைக்கு ஓடுபவரின் நிலை இதனினும் சிக்கலானது. பிக்மீ போன்ற வாடகை வண்டிச் செயலிகள் 2015 முதல் வந்து, கைத்தொலைபேசியையே முச்சக்கர வண்டிச் சாரதியின் தொழிற்கருவியாக்கிவிட்டன. வழி காட்டுவதும் அதுவே, அடுத்த பயணத்தைத் தருவதும் அதுவே. அவரிடம் கருவியைத் தொடவே வேண்டாம் என்று சொல்வது, பிழைப்பை விட்டுவிடச் சொல்வதாகும். கண்மட்டத்தில் உறுதியான தாங்கியில் பொருத்துவது, புறப்படுமுன் வழியைப் பதித்துக்கொள்வது, நின்ற பின்னரே அடுத்த பயணத்தை ஏற்பது என்ற அளவிலாவது அவரை வழிப்படுத்தலாம். வண்டியை வரவழைத்துவிட்டு “எங்க வாறீங்க?” என்று இரண்டு தரம் அழைக்கும் பயணியும் ஒரு அழைப்பவர்தான் என்பதை நம் மாணவர் உணரவேண்டும், அவர்களுள் அநேகர் வகுப்புக்கு வருவதே அப்படி ஒரு வண்டியில்.

இவ்விதழ் கைக்குக் கிட்டிய பின் தொடங்கும் முதல் வகுப்பிலேயே மணிப் பயிற்சியையும் வீட்டாரோடு பேசுவதையும் பரீட்சித்துப் பார்க்குமாறு அங்கத்தவர்களை வேண்டுகிறோம். மணி ஒலித்தபோது மாணவர் என்ன செய்தார், வீட்டார் என்ன சொன்னார்கள், எந்த வீடு இணங்க மறுத்தது, என்ன காரணம் சொல்லிற்று என்பவற்றை ஆட்பெயர் குறியாது எழுதி மூன்று மாதத்துக்குள் அனுப்பிவைத்தால், அடுத்து வரும் இதழொன்றில் அவற்றை அப்படியே வெளியிடுவோம். இணங்க மறுத்த வீடுகளைப் பற்றிய குறிப்புகளே நமக்கு அதிகமாக வேண்டும்.