வால் வீசும் கார்

மகன் தேசிய சேவைக்குப் போக மூன்று வாரம்தான் இருந்தது. அதற்குள் எங்கள் ரிமோட் காரை வளைவில் சுழலாமல் ஓடவைத்துவிட வேண்டும் என்று இருவருக்கும் ஒரு பிடிவாதம்.

கார், தமியாவின் டிடி-02. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, நான்கு சக்கர இயக்கம். நேரே ஓடினால் குறை சொல்ல முடியாது. வளைவில் விசையைத் தளர்த்தியதும் எடை முன்னே சாயும், பின்டயர்கள் பிடியை விடும். பின்பக்கம் வெளியே வீசி, வந்த வழியைப் பார்த்தபடி நிற்கும்.

“கைரோ போட்டுடலாம்பா” என்றான் மகன். வால் வீசும்போது ஸ்டியரிங்கைத் தானே திருத்தும் கருவி அது. எனக்கு மனம் வரவில்லை. கோளாறு எங்கே என்று தெரியாமலே மூடிவைத்ததாகிவிடும். ஆனால் என் யோசனை அதைவிட மோசம். யாரோ சொன்னதைக் கேட்டுப் பின்பக்க டிஃபரன்ஷியலில் கெட்டியான கிரீஸை அடைத்தேன். அதுவரை விசையைக் குறைத்தால் சுழன்ற கார், கூட்டினாலும் சுழன்றது! கழுவித் துடைக்க ஒரு சனிக்கிழமை போயிற்று.

மறுநாள் தேக்கா வீட்டின் சமையலறைத் தரையில் நாளிதழை விரித்தோம். டேம்பர்களைக் கழற்றி, சஸ்பென்ஷன் கைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டோம். மூன்று தம் எடையிலேயே விழுந்தன. பின்பக்க இடது கை மட்டும் அந்தரத்தில் நின்றது. திருகை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தேன். கால் சுற்றுத் தளர்த்தியதும் விழுந்தது. செலவே இல்லாத வைத்தியம். உங்கள் வீட்டுக் கார் சுழன்றால், கடைக்குப் போகும் முன் இதைப் பாருங்கள்.

அடுத்து, முஸ்தபாவில் வாங்கிய இரண்டு சமையலறைத் தராசுகள். இடப்பக்கச் சக்கரங்கள் ஒன்றில், வலப்பக்கச் சக்கரங்கள் மற்றொன்றில். பேட்டரி இருக்கும் பக்கம் 40 கிராம் கூடுதல். எதிர்ப்பக்கம் எடைப்பட்டை ஒட்டினோம். “மாவு அளக்கிற தராசு அது” என்றாள் மனைவி. கழுவித்தான் கொடுத்தோம்.

அதன் பிறகே பணத்தை எடுத்தேன். பெட்டியில் வந்த டேம்பரில் எண்ணெய் கிடையாது, சுருள்கம்பி குதித்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் டேம்பர் அந்தக் குதிப்பை அடக்கும். நம் ஊர் வெயிலில் எண்ணெய் இளகும். குளிர்சாதன அறையில் சரியாகத் தோன்றியது பிற்பகல் மூன்று மணித் தார்த்தரையில் தண்ணீராகிவிடும். சற்றுக் கெட்டியான எண்ணெய்க்கு மாறினோம். கடைசியாக, பின்சக்கரங்களின் முன்விளிம்பை 2.5 டிகிரி உள்நோக்கித் திருப்பும் பாகம். நேர்ப்பாதையில் வேகம் கொஞ்சம் போகும், டயரும் சீக்கிரம் தேயும். ஆனால் பின்பக்கம் அடங்கி நிற்கும்.

ஒரு தடவைக்கு ஒரே மாற்றம் என்று மகன் கண்டிப்பு. மாற்றியது என்ன, கார் எப்படி ஓடியது, தரை சூடா ஈரமா என்று ஒரு நோட்டில் குறித்தான். இரண்டையும் ஒரே நாளில் மாட்டிவிடலாம் என்று அவசரப்பட்டது நான்தான்.

அவன் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, மழை வரும் முன் பத்துச் சுற்று ஓட்டினோம். ஒரே முறைதான் சுழன்றது, அதுவும் என் கையில்.

கார் இப்போது அலமாரி மேல் இருக்கிறது. முதல் புக்-அவுட் வரை ஒரு திருகையும் தொடக்கூடாதாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான்.